பெயர்த்தெடுத்துக் காத்த செல்வம்: படச்சுருள் முதல் ஒளிவட்டு வரை



தோட்டத்து வீடுகளிலும், தோட்டத்தை விட்டுப் பட்டணத்துத் தாமான்களில் குடியேறியவர்களின் வீடுகளிலும், தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே ஓர் அலமாரி இருக்கும். அதைத் திறந்தால் பழைய வீடியோ நாடாக்கள் சிலவும், வீசீடி, டீவீடி எனப்படும் ஒளிவட்டுகள் பலவும் கிடைக்கும். சிவாஜி படம், எம்.ஜி.ஆர். படம், அக்காள் திருமணம், மாரியம்மன் கோயில் திருவிழா, தாத்தாவின் அறுபதாம் கல்யாணம் எல்லாம் அங்கே ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். "இவற்றைக் கணினியில் ஏற்றி வைக்கலாமா? ஏற்றினால் படம் மங்கிப் போகுமா?" என்று பெற்றோர் பலர் நம்மிடம் கேட்பதுண்டு. கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்குச் சரியான விடை சொல்ல வேண்டுமானால், மனிதர் தாம் கண்டதையும் கேட்டதையும் எப்படிப் பிரதி எடுத்துக் காத்து வந்தனர் என்னும் வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். இன்றைய பேச்சில் அதைக் காண்போம்.

பிரதி எடுக்கும் வேலை தமிழருக்குப் புதிதன்று. நம் முன்னோர் நூல்களைப் பனையோலையில் எழுதினர். ஓலையைப் பூச்சி அரிக்கும், ஈரம் கெடுக்கும், நாளடைவில் ஓரம் ஒடியும். எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் சில நூறு ஆண்டுகளுக்கு மேல் அது தாங்குவதரிது. ஆகவே பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதுவதை ஒரு கடமையாகவே செய்து வந்தனர். பெயர்த்தெழுத ஆளில்லாத நூல்கள் மறைந்தன. பெயர்த்தெழுதப்பட்ட நூல்கள் பிழைத்தன. ஆனால் கைமாறக் கைமாறப் பிழையும் கூடவே ஏறிற்று. "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்" என்னும் பழமொழி அப்படிப் பிறந்ததுதான்.

1855இல் பிறந்து 1942இல் மறைந்த டாக்டர் உ.வே. சாமிநாதையர், ஊர் ஊராக அலைந்து ஒரே நூலுக்குப் பல சுவடிகளைத் தேடியதன் காரணமும் இதுவே. ஒரு சுவடியில் சிதைந்திருந்த சொல்லை மற்றொரு சுவடி காட்டிக் கொடுத்தது. சீவக சிந்தாமணியை 1887இலும், புறநானூற்றை 1894இலும் அவர் அவ்வாறே அச்சிட்டார். அப்படியிருந்தும் புறநானூற்றின் 400 பாடல்களில் 267ஆம் பாடலும் 268ஆம் பாடலும் அகப்படவேயில்லை. எந்தப் புலவர் யாரைப் பாடினார், என்ன பாடினார் என்பதை இனி நாம் அறிய வழியில்லை.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் பெறுகிறோம். பிரதி இல்லாத பொருள் அழியும் என்பது ஒன்று. கவனமின்றி எடுத்த பிரதி பொருளைக் குறைத்துவிடும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு திரைப்படத்துக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் முதன்முதலில் கதைப்படம் எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார். முதல் உலகப்போர்க் காலத்தில் சென்னையில் அவர் எடுத்த பேசாப் படம் 'கீசக வதம்'. அதன் ஒரு பிரதிகூட இன்று இல்லை. தமிழ் பேசிய முதல் படம் 'காளிதாஸ்'. எச்.எம். ரெட்டி இயக்க, டி.பி. ராஜலட்சுமி நடித்த அப்படம் 1931 அக்டோபர் 31ஆம் நாள் சென்னையில் வெளியாயிற்று. அதுவும் இல்லை. ஒருசில நிழற்படங்களும் அக்காலப் பத்திரிகைச் செய்திகளுமே எஞ்சியுள்ளன. அதே ஆண்டு மார்ச் மாதம் பம்பாயில் வெளியான, இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வுக்கும் இதே கதிதான். இந்தியாவில் ஏறத்தாழ 1,700 பேசாப் படங்கள் எடுக்கப்பட்டன என்பர். அவற்றுள் முழுமையாக எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

இத்தனை படங்கள் ஏன் அழிந்தன? அக்காலப் படச்சுருள் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது. வெடிமருந்துக்கு உறவான பொருள் அது. எரிவதற்கு வேண்டிய பிராணவாயு அதற்குள்ளேயே அடங்கியிருப்பதால், தீப்பிடித்துவிட்டால் தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் அணையாது. தீயிலிருந்து தப்பினாலும் வெப்பநாட்டுப் புழுக்கத்தில் அது பிசுபிசுத்து, ஒட்டிக்கொண்டு, இறுதியில் பொடியாய் உதிர்ந்துவிடும். கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் உருவத்தைத் தாங்கி நிற்பது வெள்ளி உலோகம். ஓடி முடிந்த படத்தால் இனி வருவாய் இல்லை என்று கருதிய பலர், சுருளைக் கரைத்து வெள்ளியை எடுத்து விற்றனர். 1948க்குப் பின் எளிதில் தீப்பற்றாத அசிட்டேட் சுருள் பரவலாயிற்று. அதற்கும் ஒரு நோய் உண்டு. ஈரமும் சூடும் சேர்ந்தால் அது வினிகர் நெடியடித்துச் சுருங்கத் தொடங்கும்.

இது சென்னையின் கதை மட்டுமன்று. நம் மலாய்ப் படங்களின் கதையும் அதுதான். சிங்கப்பூரில் எடுக்கப்பட்டு 1934இல் வெளியான 'லைலா மஜ்னுன்' முதல் மலாய்க் கதைப்படமாகக் கருதப்படுகிறது. அதை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.எஸ். ராஜ்ஹான்ஸ். அந்தப் படம் இன்று இல்லை. அவருக்குப் பின்னும் மலாய்ப் படவுலகில் நம் நாட்டவர் பலர் பணிபுரிந்தனர். பி. ரம்லி முதன்முதலில் கதாநாயகனாக நடித்த 1950ஆம் ஆண்டின் 'பக்தி' படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன். 1957இல் சிங்கப்பூரைக் கலக்கிய 'பொந்தியானாக்' படத்தை இயக்கியவர் பி.என். ராவ். மரியா மெனாடோ நடித்த அப்படமும் அதன் இரண்டாம் பாகமும் தொலைந்து போயின. 1958இல் வந்த மூன்றாம் பாகமான 'சும்பா பொந்தியானாக்' மட்டும் பிழைத்தது. அதைத் தயாரித்த கேத்தே-கெரிஸ் நிறுவனத்தின் எஞ்சிய மலாய்ப் படங்கள் 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் வட்டார நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. எஞ்சியதற்கு மரியாதை கிடைத்தது. தொலைந்ததற்கு யாரும் எதுவும் செய்ய முடியவில்லை.

சில வேளைகளில் ஒரு படம் பிழைப்பது விந்தையான வழியில் நடக்கும். 1930களின் தொடக்கத்தில் நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ், சி.வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவலைத் தழுவி 'மார்த்தாண்ட வர்மா' என்னும் பேசாப் படத்தைத் தயாரித்தார். நாவலை வெளியிடும் உரிமை திருவனந்தபுரத்துப் புத்தக நிறுவனம் ஒன்றிடம் இருந்தது. அந்நிறுவனம் வழக்குத் தொடுக்க, படச்சுருள் கைப்பற்றப்பட்டது. படம் ஓடவில்லை, தயாரிப்பாளர் நொடித்தார். ஆனால் கைப்பற்றப்பட்ட சுருள் புத்தகக் கிடங்கிலேயே நாற்பது ஆண்டுகள் கிடந்தது. 1974இல் அதைப் பூனாவிலிருந்த இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பெற்றுக்கொண்டது. தென்னிந்தியப் பேசாப் படங்களுள் ஏறக்குறைய முழுமையாக நம் கைக்கு வந்தது இது ஒன்றே. ஒருவரைக் கெடுத்த வழக்கு ஒரு படத்தைக் காத்த கதை இது.

அந்தக் காப்பகம் 1964இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதில் பணிக்குச் சேர்ந்த பி.கே. நாயர், 1991இல் ஓய்வு பெறும் வரை இந்தியா முழுவதும் அலைந்து படப்பெட்டிகளைத் திரட்டினார். உ.வே.சா. ஏட்டுக்குச் செய்ததை அவர் படச்சுருளுக்குச் செய்தார் என்று சொல்லலாம். கே. சுப்ரமணியம் இயக்கிய 'தியாகபூமி' 1939இல் வெளிவந்து, பின்னர் ஆங்கிலேய அரசால் தடைசெய்யப்பட்டது. அதை இன்றும் பார்க்க முடிகிறதென்றால் அதற்கு இத்தகைய காப்பகப் பணியே காரணம்.

இனி இரண்டாவது பாடத்துக்கு வருவோம். பிரதி இருந்தால் மட்டும் போதுமா? ஜெர்மனியில் 1927இல் வெளியான 'மெட்ரோபோலிஸ்' என்னும் பெரும் படம், வெளியான சில மாதங்களிலேயே வெட்டிக் குறைக்கப்பட்டது. வெட்டிய பகுதி உலகில் எங்கும் இல்லை என்றே கருதியிருந்தனர். 2008இல் அர்ஜென்டினாவின் தலைநகர் புவனஸ் அயர்ஸில் உள்ள திரைப்பட அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ முழுமையான ஒரு பிரதி அகப்பட்டது. உலகமே மகிழ்ந்தது. ஆனால் அது 35 மில்லிமீட்டர் சுருளிலிருந்து 16 மில்லிமீட்டர் சுருளுக்குச் சுருக்கி எடுத்த பிரதி. மூலச்சுருளிலிருந்த கீறல்களும் எண்ணெய்க் கறைகளும் படத்தோடு படமாகப் பதிந்துவிட்டன. மூலச்சுருளோ அழிந்துவிட்டது. இன்றைய கணினி வல்லுநர் எவ்வளவோ துடைத்தும், அந்தக் காட்சிகள் மழையில் நனைந்ததுபோல் கோடு கோடாகவே தெரிகின்றன. படம் பிழைத்தது, ஆனால் தழும்போடு பிழைத்தது.

16 மில்லிமீட்டர் என்றதும் நம் பெரியவர்களுக்குத் தோட்டத் திடல் நினைவுக்கு வரும். வெள்ளைத் துணியைக் கம்பத்தில் கட்டி, கருவியை மேசைமேல் வைத்து, லயத்து மக்கள் பாயும் பலகையும் கொண்டு வந்து உட்கார்ந்து பார்த்த படங்களுள் பெரும்பாலானவை இந்தச் சிறிய சுருளில் வந்தவையே. 16 மில்லிமீட்டரில் ஒரு படச்சட்டத்தின் பரப்பு, 35 மில்லிமீட்டரின் சட்டத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவும் மூலத்திலிருந்து நேராக எடுத்ததன்று. மூல நெகடிவிலிருந்து ஒரு பாசிடிவ், அதிலிருந்து மற்றொரு நெகடிவ், அதிலிருந்து கொட்டகைக்குப் போகும் பிரதி என்று படிப்படியாக இறங்கி வரும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கூர்மை குறையும். கொஞ்சம் கறை கூடும். பட்டணத்துக் கொட்டகையில் பார்த்தவர்க்கும் தோட்டத் திடலில் பார்த்தவர்க்கும் கதை ஒன்று. கண்ணுக்குக் கிடைத்தது வேறு.

பிறகு வீடியோ நாடா வந்தது. ஜப்பானின் சோனி நிறுவனம் 1975இல் பீட்டாமேக்ஸ் முறையையும், ஜேவிசி நிறுவனம் 1976இல் வீஎச்எஸ் முறையையும் கொணர்ந்தன. 1980களில் தோட்டத்து வீடுகளிலும் வீடியோ கருவி இடம் பிடித்தது. திருமணத்தை வீடியோ எடுப்பது வழக்கமாயிற்று. நாடா காந்தத் துகள் பூசிய பட்டை. ஒரு நாடாவிலிருந்து மற்றொன்றுக்குப் பிரதி எடுத்தால் வண்ணம் கசியும், உருவம் நடுங்கும். பிரதியின் பிரதி இன்னும் மோசம். நான்காவது பிரதியில் மணமகள் யார், தோழி யார் என்று குரலை வைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு நாடா விலையை மிச்சம்பிடிக்க ஒரு நிகழ்ச்சியின்மேல் இன்னொன்றைப் பதிந்தோம். நாம் மட்டுமல்ல, பிரிட்டனின் பிபிசி நிறுவனமே 1960களிலும் 70களிலும் தன் நிகழ்ச்சிகள் பலவற்றை இப்படி அழித்துவிட்டு, பின்னர் வெளிநாடுகளுக்கு விற்ற பிரதிகளைத் தேடி அலைந்தது. வீஎச்எஸ் கருவியைக் கடைசியாகத் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. நாடா இருந்தாலும் ஓட்டிப் பார்க்கக் கருவி அரிதாகி வருகிறது.

இந்த நிலையில்தான் ஒளிவட்டு ஒரு பெரிய மாறுதலைக் கொண்டு வந்தது. 1982இல் பாட்டுக்கான சீடி விற்பனைக்கு வந்தது. 1993இல் படத்துக்கான வீசீடி முறை வகுக்கப்பட்டது. 1996இல் ஜப்பானில் டீவீடியும், 2006இல் புளூ-ரேயும் வந்தன. வட்டில் படமும் ஒலியும் எண்களாக, அதாவது பூச்சியமும் ஒன்றுமாக, நுண்ணிய புள்ளிகளில் பதிந்திருக்கின்றன. எண்ணைப் பிரதி எடுப்பதற்கும் உருவத்தைப் பிரதி எடுப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஒரு கோலத்தைப் பார்த்து இன்னொருவர் போட்டால் சிறிது மாறும். அந்தக் கோலத்துக்கு எத்தனை புள்ளி, எத்தனை வரிசை என்று எழுதிக் கொடுத்துவிட்டால், நூறாவது ஆள் போட்டாலும் புள்ளி பிசகாது. மேலும், சிறு கீறலால் சில எண்கள் படிக்க முடியாமற் போனாலும் மற்ற எண்களைக் கொண்டு அவற்றைக் கணித்துக்கொள்ளும் ஏற்பாடு வட்டிலேயே உண்டு. இதற்கு அடிப்படையான கணக்கை அமெரிக்கரான ரீட், சாலமன் என்னும் இருவர் 1960இலேயே வெளியிட்டிருந்தனர். ஓலைச்சுவடிக் காலந்தொட்டு மனிதர் விரும்பிய ஒன்று, பிழையே ஏறாத பிரதி, இப்படிக் கைகூடிற்று.

அப்படியானால், டீவீடியிலிருந்து எடுத்த பிரதி ஏன் சில வேளைகளில் மங்கலாக இருக்கிறது? இதைத்தான் நாம் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். வட்டில் உள்ள படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கங்களை விலக்கி, மிச்சத்தை எண்ணாக்கி அடைத்திருக்கிறார்கள். வீசீடியில் ஒரு சட்டத்துக்கு 352க்கு 288 படப்புள்ளிகள். ஒரு வட்டில் ஏறத்தாழ 74 நிமிடப் படமே அடங்கும். அதனால்தான் தமிழ்ப்படம் இரண்டு மூன்று வட்டுகளாக வந்தது. டீவீடியில் 720க்கு 576 புள்ளிகள், அதாவது நான்கு மடங்குக்குமேல். ஓர் அடுக்கு டீவீடி 4.7 கிகாபைட் கொள்ளும். இரண்டடுக்கு டீவீடி 8.5 கிகாபைட் கொள்ளும். இப்போது ஒருவர் 8.5 கிகாபைட் படத்தை 4.7 கிகாபைட் வட்டில் திணிக்க விரும்பினால் என்ன செய்வார்? மறுபடியும் சுருக்குவார். பாதிக்குப் பாதி விலக்கப்படும். அங்கேதான் படம் கெடுகிறது.

ரப்பர்ப் பாலை ஒரு வாளியிலிருந்து மற்றொரு வாளிக்கு ஊற்றினால் பால் பாலாகவே இருக்கும். அதையே அமிலம் ஊற்றி உறையவைத்துத் தகடாக்கிவிட்டால், பின்னர் யார் நினைத்தாலும் அதைப் பாலாக்க முடியாது. வட்டிலுள்ள எண்களை அப்படியே கணினியின் வன்தட்டுக்கு மாற்றுவது வாளி மாற்றுவது போன்றது. குறைவே இராது. 'இடம் மிச்சமாகட்டும்' என்று மீண்டும் சுருக்குவது உறையவைப்பது போன்றது. இடம் மிச்சமாகும், போனது திரும்பாது. சிறு படத்தைக் கணினியில் பெரிதாக்கினாலும் இல்லாத நுணுக்கம் புதிதாய்ப் பிறந்துவிடாது.

எண்ணைப் பிழையின்றிப் பிரதி எடுக்கலாம் என்பதால் படத் தயாரிப்பாளர்கள் அஞ்சினர். ஆகவே விலைக்கு விற்கும் டீவீடிகள் பலவற்றுக்கு எண்பூட்டுப் போட்டனர். உலகை வட்டாரங்களாகப் பிரித்து, ஒரு வட்டாரத்து வட்டு இன்னொரு வட்டாரத்துக் கருவியில் ஓடாதபடியும் செய்தனர். நம் நாடு மூன்றாம் வட்டாரம். இந்தியா ஐந்தாம் வட்டாரம். 1999இல் நார்வே நாட்டில் 15 வயதுச் சிறுவனாயிருந்த யோன் யோஹான்சன், எண்பூட்டைத் திறக்கும் கணினிச் செயல்முறை ஒன்று உலகில் பரவக் காரணமானான். வழக்கு நடந்தது. தான் காசு கொடுத்து வாங்கிய வட்டைத் தன் கணினியில் பார்ப்பதற்காகவே அதைச் செய்ததாக வாதிடப்பட்டது. 2003இல் ஒருமுறைக்கு இருமுறை அவன் குற்றமற்றவன் என்று நார்வே நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. எல்லா நாட்டிலும் சட்டம் அப்படியில்லை. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பின்னர் வந்த திருத்தங்களோடு, உரிமையாளர் போட்ட பூட்டை உடைப்பதைத் தடுக்கிறது. இதை நாம் மறந்துவிடலாகாது.

நம் நாட்டில் சட்டம் இறுகியதற்குக் காரணம் உண்டு. சந்தையிலும் நடைபாதையிலும் சில வெள்ளிக்குத் திருட்டு வட்டுகள் மலிந்திருந்த காலம் அது. 2000ஆம் ஆண்டில் ஒளிவட்டுச் சட்டம் வந்தது. வட்டுத் தயாரிக்க உரிமம் வேண்டும் என்றாயிற்று. பின்னர் அசல் வட்டுகளில் பளபளக்கும் முத்திரைச் சீட்டு ஒட்டப்பட்டது. 2007 மார்ச்சில் நம் ஜொகூர் பாருவிலேயே ஒரு நிகழ்ச்சி நடந்தது. லக்கி, ஃப்ளோ என்னும் இரண்டு கறுப்பு லாப்ரடார் நாய்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டு வரப்பட்டிருந்தன. வட்டு செய்யப் பயன்படும் பாலிகார்பனேட் என்னும் பொருளின் வாசனையை மோப்பம் பிடிக்க அவை பழக்கப்பட்டவை. அவற்றின் உதவியோடு ஜொகூர் பாருவில் நடந்த சோதனையில் ஏறத்தாழ 10 லட்சம் வட்டுகள் பிடிபட்டன. அந்த நாய்களைக் கொல்பவர்க்குப் பரிசு தருவதாகத் திருட்டு வட்டுக் கும்பல் அறிவித்திருப்பதாகவும் செய்திகள் வந்தன.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த நாய்களுக்கு அசல் வட்டு எது, போலி எது என்று தெரியாது. இரண்டும் ஒரே வாசனை. அதுபோலவே பிரதி எடுக்கும் கருவிக்கும் திருட்டுப் பிரதி எது, காப்புப் பிரதி எது என்று தெரியாது. வேறுபாடு பிரதி எடுப்பவரின் உரிமையிலும் நோக்கத்திலும் இருக்கிறது. பிறர் உழைப்பைப் பெருக்கி விற்பது திருட்டு. தமக்கு உரிமையான பொருள் அழியாமல் ஒரு பிரதி எடுத்து வைப்பது பாதுகாப்பு.

ஆதலின் முதலில் காக்க வேண்டியது எது? கடையில் வாங்கிய சினிமாப் படத்தை வேறு ஆயிரம் பேரும் வைத்திருப்பர். உரிமையாளர் அதை மீண்டும் வெளியிடவும் கூடும். ஆனால் உங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதியைப் படமெடுத்த வட்டு உங்கள் வீட்டில் மட்டுமே இருக்கலாம். அதற்கு எண்பூட்டும் இல்லை. சட்டத் தடையும் இல்லை. ஆனால் அதற்குத்தான் ஆயுள் குறைவு. ஆலையில் அச்சடித்த வட்டில் எண்கள் உலோகப் படலத்தின்கீழ்ப் பள்ளங்களாகப் பதிந்தவை. வீட்டிலும் கடையிலும் கருவியில் பதிந்த வட்டிலோ எண்கள் ஒருவகைச் சாயத்தில் பதிகின்றன. வெயிலும் புழுக்கமும் சாயத்தை மங்கச் செய்யும். ஒருநாள் கருவியில் போட்டால் வட்டு சுழலும்; படம் வராது.

காக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். முதலில் வட்டைக் கழுவித் துடையுங்கள். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கலாகாது. சீடியிலும் வீசீடியிலும் பெயர் எழுதும் பக்கத்துக்கு மிக அருகில்தான் பதிவு இருக்கிறது. ஆகவே அப்பக்கம் கூர்முனைப் பேனாவால் எழுதாதீர்கள். அடுத்து, வட்டு முழுவதையும் அப்படியே ஒரே கோப்பாகக் கணினிக்கு மாற்றுங்கள். வட்டின் 'இமேஜ்' எடுத்தல் என்று கடைக்காரர் சொல்வது இதைத்தான். வீசீடிக்கு அதற்கென்று உள்ள செயலி வேண்டும். 'சிறிதாக்கித் தரட்டுமா?' என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். 1,000 கிகாபைட் கொள்ளும் ஒரு வன்தட்டில் ஓரடுக்கு டீவீடி 200க்கு மேல் அப்படியே அடங்கும். ஆகவே இடத்துக்காகச் சுருக்க வேண்டிய தேவையே இல்லை. கைப்பேசியில் பார்க்கச் சிறிய பிரதி வேண்டுமானால், அதைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம். முழுப் பிரதி இருக்கட்டும்.

மாற்றியபின் சரிபார்த்தல் வேண்டும். காட்டில் நிறுத்த பாலை ஆலையிலும் நிறுத்துப் பார்ப்பதுபோல, கோப்பின் எண்களைக் கூட்டி ஓர் அடையாள எண் தரும் செயலிகள் கணினியில் உண்டு. வட்டுக்கும் கோப்புக்கும் அந்த எண் ஒன்றாக இருந்தால் ஒரு புள்ளியும் சிந்தவில்லை என்று பொருள். பிறகு மூன்று பிரதிகள் வையுங்கள். இரண்டு வெவ்வேறு கருவிகளில் இருக்கட்டும். ஒன்று வேறு ஊரில், மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இருக்கட்டும். வெள்ளம் வந்தால் ஒரு வீட்டிலுள்ள மூன்றும் ஒன்றாகவே போகும். ஜொகூர் மக்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை. வன்தட்டும் சாகாவரம் பெற்றதன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியதற்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏட்டைப் பெயர்த்தெழுதிய கடமை இங்கே வேறு உருவில் தொடர்கிறது.

வீடியோ நாடா வைத்திருப்போர் காலம் தாழ்த்தலாகாது. நாடாவிலிருந்து கணினிக்கு மாற்றும்போது சிறிது குறைவு நேரத்தான் செய்யும். ஆகவே அதை ஒருமுறையே, நல்ல கருவியில், முதற்பிரதியிலிருந்தே செய்ய வேண்டும். உறவினரிடம் மூல நாடா இருக்கும்போது நம்மிடமுள்ள மூன்றாம் பிரதியை மாற்றுவது வீண். பூஞ்சணம் பிடித்த நாடாவைக் கருவியில் போடாதீர்கள். துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இன்னொன்றும் செய்ய வேண்டும். அதற்குக் கணினி தேவையில்லை. பெரியவர்களை உட்காரவைத்துப் படத்தை ஓட்டி, யார் யார் எனக் கேட்டு எழுதி வையுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, கரகம் எடுத்தவர் யார், உறுமி அடித்தவர் யார், பந்தலுக்குப் பின்னால் தெரிவது எந்த லயம் என்பவற்றை எழுதிக் கோப்போடு சேருங்கள். பெயர் இல்லாத முகம் இரண்டு தலைமுறையில் அந்நியமாகிவிடும்.

இதில் நாம் இவ்வளவு அழுத்தம் காட்டுவதற்குக் காரணம் உண்டு. 1942, 43ஆம் ஆண்டுகளில் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்ட ஆயிரமாயிரம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பலரின் முகம் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கே தெரியாது. படமெடுக்க அவர்களிடம் கருவி இல்லை. 1950, 60களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது சிதறிய குடும்பங்களிடமும் அனேகமாக ஒன்றும் இல்லை. அதன்பின் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பு வந்தது. ஜொகூரில் எத்தனையோ லயங்கள் இருந்த இடம் தெரியாமல் போயின. கோயில் பெயர்க்கப்பட்டது, பள்ளி வேறிடம் போயிற்று. அந்தத் தோட்டம் எப்படியிருந்தது என்று காட்ட எஞ்சியிருப்பது 1980களுக்குப் பின் நம்மவர்கள் எடுத்த திருமண வீடியோவும் திருவிழா வட்டுமே. மணமக்களுக்குப் பின்னால் தற்செயலாகப் பதிந்த அந்தப் பலகை வீடு, அந்தத் தண்ணீர்க் குழாய், அந்த மரத்தடி, அங்கே நின்று சிரிக்கும் பாட்டி இவைதாம் நம் வரலாற்றுச் சான்றுகள். அவற்றை எடுத்துக் காக்க எந்தக் காப்பகமும் நம் வாசலுக்கு வரப்போவதில்லை.

புறநானூற்றில் இரண்டு பாட்டு இல்லை என்று வருந்துகிறோம். 'காளிதாஸ்' இல்லை என்று வருந்துகிறோம். அவற்றைக் காத்திருக்க வேண்டியவர்கள் நாமல்லர். ஆனால் அலமாரியில் இருக்கும் இந்த வட்டுகளைக் காக்க வேண்டியவர்கள் நாமே. வருகிற பள்ளி விடுமுறையில் பிள்ளைகளின் உதவியோடு ஒரே ஒரு வட்டை எடுத்துத் தொடங்குங்கள். கணினி தெரிந்த பிள்ளையும், முகம் தெரிந்த பாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த வேலை இனிதே முடியும்.